ஆள் குறைந்த மேசைக்கான விதிகள்

ஜூலை 3, வியாழன்

இன்று சங்கரலிங்கம் விலகினார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பதினொரு மாதம் எனக்கு வலப்பக்கத்து நாற்காலியில் அமர்ந்து ரம்மி ஆடியவர். ஓசூரில் மகனோடு இருக்கப்போகிறாராம். மூன்று நாட்களுக்கு முன் இதே மனிதர், ஓசூர்க் குளிர் தம் மூட்டுக்கு ஆகாது என்று இதே மேசையில் சொன்னார் என்பதைப் பதிவுசெய்கிறேன்.

ஐவர் மேசை நால்வர் மேசையாயிற்று. எஞ்சியிருப்போர்: பல் மருத்துவர் மீரான், பாத்திரக்கடை இசக்கியப்பன், ஓய்வுபெற்ற தாசில்தார் கூத்தபிரான், நான்.

மனமகிழ் மன்றத்தின் செயலாளர் ஜெபநேசன் வாசலில் நின்று எங்களை எண்ணினார். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். எதையும் மீட்டர் பார்ப்பது போலவே பார்ப்பார். சீட்டறையைக் காலிசெய்து அங்கே ஜும்பா வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவருடைய ஓராண்டு இலட்சியம். அவருக்குக் குறுக்கே நிற்பது மன்ற விதி பதினான்கு: மாலை ஆறு முதல் எட்டுவரை இருவரேனும் கையொப்பமிட்டு ஆடும்வரை அவ்வறை சீட்டறையாகவே நீடிக்கும். அந்த விதியை எழுதியவன் நான்.

எட்டு மணிக்கு முன் வீடு திரும்புவது எனக்கு வழக்கமில்லை. காரணம் எழுதத் தக்கதன்று. ஆகவே இந்த அறை நீடித்தாக வேண்டும்.

ஜூலை 5, சனி

ஆள் குறைந்ததைக் கண்டு புலம்புவது பாமரர் இயல்பு. ஆள் குறைந்தால் ஆட்டம் எப்படி மாற வேண்டும் என்று கணக்கிடுவது கற்றவன் கடமை. இன்று பிற்பகல் முழுவதும் அதைச் செய்தேன்.

எங்கள் மேசையில் காசு கிடையாது. புள்ளிகள் மட்டுமே, கரும்பலகையில் எழுதுகிறோம். இருநூற்றைம்பதைத் தொட்டவர் வெளியே. கைக்கு வந்த பதின்மூன்று சீட்டும் உருப்படாதவை எனக் கண்டவர், ஒரு சீட்டுக்கூட எடுக்காமல் அவற்றைக் கவிழ்த்துவைத்து, இருபது புள்ளியை ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடலாம். அதற்கு ‘ஸ்கூட்’ என்று பெயர். துணிந்து ஆடித் தோற்றால் எண்பதுவரை ஏறும். ஆக, ரம்மியின் தலையாய கேள்வி முதல் நொடியிலேயே எழுகிறது: இந்தக் கையை ஆடுவதா, வைப்பதா?

விடை எதிரே எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஐந்து கைக்கு ஒன்று விரைந்து முடியும் கையாக வரும் எனக் கொள்வோம். எதிரே நால்வர் இருந்தால், அவர்களுள் ஒருவருக்கேனும் அத்தகைய கை வாய்க்கும் நிகழ்தகவு ஏறத்தாழ அறுபது விழுக்காடு. மூவர் எனில் நாற்பத்தொன்பது. இருவர் எனில் முப்பத்தாறு. ஒருவர் மட்டுமே எனில் வெறும் இருபது. எனவே, மேசை சுருங்கச் சுருங்க ஸ்கூட்டும் சுருங்க வேண்டும். ஐவர் மேசையில் வைத்துவிடத்தக்க நடுத்தரக் கை, இருவர் மேசையில் துணிந்து ஆடத்தக்க கை ஆகிறது.

இதை நான்கு பக்கத்தில் எழுதி மூன்று நகல் எடுத்தேன். மாலையில் ஆளுக்கொன்று கொடுத்தேன். இசக்கியப்பன் அதை நான்காய் மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்கால் அடியில் வைத்தார். மேசை இப்போது ஆடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

என் மேசையின் சிறப்பு, ஒவ்வொரு கை முடிந்ததும் நடக்கும் ஆய்வு. ஆடித் தோற்றவர் தம் சீட்டுகளைத் திறந்து பரப்புவார்; எந்தச் சீட்டை எப்போது இறக்கியது பிழை, ஏன் பிழை, அப்பிழை எந்த மனக்கோணலிலிருந்து பிறந்தது என்பதை நான் விளக்குவேன். இன்று மீரான் டைமண்ட் ஏழை இறக்கியதற்கு மட்டும் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. இத்தகைய பயிற்சி இந்த ஊரில் வேறெந்த மன்றத்திலும் இல்லை.

ஸ்கூட் செய்தவர் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. அது பழைய வழக்கம். ஆகவே ஆய்வும் இல்லை.

ஜூலை 9, புதன்

சாரல். குடைக்கம்பி ஒடிந்தது. கூத்தபிரான் வரவில்லை, குற்றாலத்தில் சீசனாம்.

ஜூலை 12, சனி

ஆறு வேலைநாள் தரவு கைக்கு வந்துவிட்டது. முடிவு அருவருப்பூட்டுகிறது.

ஐவர் மேசையில் இம்மூவரும் நூறு கைக்கு நாற்பத்தொன்றை ஸ்கூட் செய்தார்கள். நால்வர் மேசையில் அது குறைந்து முப்பத்தைந்தின் அருகே வந்திருக்க வேண்டும். வந்திருப்பது அறுபத்து மூன்று. எதிரிகள் குறைந்திருக்கிறார்கள்; அச்சம் கூடியிருக்கிறது. இப்படியொரு வரைபடத்தை என் முப்பதாண்டுப் பணிக்காலத்தில் கண்டதில்லை. ஆள் குறையக் குறைய, எஞ்சிய ஒவ்வொருவருக்கும் என்னிடமிருந்து கிடைக்கும் விளக்க நேரமும் கூடுகிறது; அவ்வாறிருந்தும் இவர்கள் கற்கவில்லை என்பதே வியப்பு.

கல்லூரியிலும் இதையே கண்டேன். புள்ளியியல் துறைத் தலைவனாக இருந்த என்னைவிட ஒன்பதாண்டு இளையவரை முதல்வர் நாற்காலியில் அமர்த்தினார்கள். ஐம்பத்து நான்கு வயதில் பதவி விலகல் கடிதம் கொடுத்தேன். பதினொரு பக்கம், இரண்டு பின்னிணைப்பு. ஒரு வரியில் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒரு வரியிலும் ஒரு பிழை இருந்தது. திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

ஜூலை 16, புதன்

இன்று முதல் விதி 7(அ) நடப்புக்கு வருகிறது: ஸ்கூட் செய்பவரும் தம் பதின்மூன்று சீட்டையும் திறந்து காட்ட வேண்டும், அவையும் ஆய்வுக்கு உட்பட்டவை.

கூத்தபிரான் விதித்தாளைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் படித்தார். “என்னவே இது? முப்பத்து மூணு வருசம் பட்டா மாத்திக் குடுத்திருக்கேன். இம்புட்டு ஆவணம் நான்கூடக் கேட்டதில்ல” என்றார். அதனால்தான் அவர் வட்டத்தில் இன்றும் எல்லைத் தகராறு ஓயவில்லை என்று சுட்டிக்காட்டினேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆகவே ஏற்றுக்கொண்டார் என்று பொருள்.

ஜூலை 18, வெள்ளி

சினம் என்பது கொதிக்கும் பொருளன்று. நன்றாக உறைந்தால் அதன்மேல் நடக்கலாம்.

மூன்றாவது கையில் இசக்கியப்பன் சீட்டை விரித்துப் பார்த்தார், மூடினார், “ஸ்கூட்” என்றார். விதி 7(அ)-வின்படி திறக்கச் சொன்னேன். தயங்கினார். திறந்தார். இஸ்பேடில் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு: ஜோக்கர் கலவாத ஒரிஜினல். அதன்மேல் மூன்று ஜோக்கர். இரண்டு ராணி வேறு. ஒரு சுற்றில், மிஞ்சினால் இரண்டு சுற்றில் டிக் அடித்து ஆட்டத்தை முடித்திருக்கக்கூடிய கை.

காரணம் கேட்டேன்.

“காப்பி குடிக்கணும் போல இருந்துச்சு சார்” என்றார்.

“ஆட்டம் முடிய நாலு நிமிஷம் ஆகாது. அப்புறம் குடிக்கக் கூடாதா?”

“ஜெயிச்சா மத்த ரெண்டு பேரையும் நீங்க அறுப்பீய. அது முடியுததுக்குள்ள கடைய அடைச்சிருவான்.”

நாற்பது நிமிடம் விளக்கினேன். அவர் காப்பி குடிக்கவில்லை. இத்தகைய கையை வைப்பவன் ஒன்று மூடனாக இருக்க வேண்டும், இல்லையேல் அவன் வீட்டில் தீப்பிடித்திருக்க வேண்டும் என்று முடித்தேன். அதையே இங்கும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

கூத்தபிரான் இனி வரமாட்டாராம். நடைப்பயிற்சிக்கு மருத்துவர் வற்புறுத்துகிறாராம். மூவர் மேசை.

ஜூலை 22, செவ்வாய்

மீரான் விடைபெற்ற விதம் நாகரிகமானது. என் ஆய்வு முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு தம் சீட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: “சார், நானும் பல்லு புடுங்குதவன்தான். ஆனா மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தான் புடுங்குவேன்.”

உவமை பொருந்தவில்லை. நோயாளி தன் விருப்பத்தில் வருகிறான். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

ஜூலை 26, சனி

யாரும் வரவில்லை, இசக்கியப்பன்கூட. ஆறு மணியிலிருந்து ஆறரைவரை பதிவேட்டில் என் ஒற்றைக் கையெழுத்து. ஜெபநேசன் கதவருகே இருமுறை வந்து போனார். வெற்றியைக் காட்டிக்கொள்ளாத மனிதன் மிக ஆபத்தானவன்.

வேறு வழியின்றி வீட்டுக்கு நடந்தேன். ஆறே முக்கால்.

என் மனைவி செண்பகம் முன்னறையில் பத்தாம் வகுப்புப் பெண்களுக்குக் கணிதம் சொல்லித்தருகிறாள். மாலை ஆறு முதல் எட்டு. வாசற்படியில் கால் வைக்கும்போதே உள்ளே சிரிப்பொலி. கணிதத்தில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று புரியவில்லை. உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. பலகையில் ‘நிகழ்தகவு’ என்று எழுதி, அதன் கீழ் ஒரு பகடைப் படம். வரையறை முழுமையாக இல்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் அதைச் செம்மைப்படுத்தினேன். ஒரு பெண்ணின் கண்ணில் நீர். பொருள் ஆழமானது; அப்படித்தான் இருக்கும்.

மார்ச்சிலும் ஒரு மாலை இவ்வாறு உதவினேன். அப்போது ஏழு பேர் வந்துகொண்டிருந்தார்கள். மறுநாள் முதல் நால்வரைக் காணோம். அந்த மாதம் வெயில் கடுமை.

இரவு உணவைச் செண்பகம் பரிமாறினாள். பிறகு கொல்லைப்புறத்தில் நின்று நெடுநேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். தென்காசியிலிருக்கும் தங்கையாக இருக்கலாம்.

ஜூலை 28, திங்கள்

இசக்கியப்பன் வந்தார்! தனியாக. கடையை மருமகன் பார்த்துக்கொள்கிறானாம். இருவர் கையெழுத்து, விதி பதினான்கு பிழைத்தது.

இருவர் மேசைக்கான என் கோட்பாட்டை இப்போது நடைமுறையில் சோதிக்கலாம். எதிரே ஒருவரே இருக்கையில் ஸ்கூட் செய்வதென்பது வெற்றியை வாழையிலையில் பரிமாறித் தருவதற்குச் சமம். பத்துக் கைக்கு ஒன்றுக்குமேல் வைக்கலாகாது. இசக்கியப்பனிடம் சொன்னேன். தலையசைத்தார். எட்டடித்ததும், சுவர்க்கடிகாரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுந்தார். அவ்வளவு துல்லியமான மனிதர் என்று இதுவரை நான் அறியவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

மீரான் வந்தார். ஊசி பற்றிய உவமைக்கு வருந்துகிறார் என்று கொள்கிறேன். இசக்கியப்பன் வரவில்லை.

ஜூலை 30, புதன்

நம்ப முடியாதது நிகழ்ந்தது. ஜெபநேசன் என் எதிரே வந்து அமர்ந்து, “எனக்கும் ஒரு கை போடுங்க புரொபசர்” என்றார்.

இம்மனிதருக்கு ரம்மி தெரியாது. மூன்று ஐந்துகளையும் ஒரு ஆறையும் ஒன்றாகச் சேர்த்துவைத்துக்கொண்டு “குடும்பம்” என்றார். இருந்தும் பதிவேட்டில் தம் கையால் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தால் தம் ஜும்பாவைத் தாமே ஒருநாள் தள்ளிப்போட்டார். எதிரி செய்த இந்தத் தந்திரப் பிழையை நான் சுட்டிக்காட்டவில்லை.

ஆடும்போது மெல்லிய குரலில் ஏதோ ராகம் முனகுகிறார். கவனத்தைக் கலைக்கும் உத்தி.

ஆகஸ்ட் 7, வியாழன்

கூத்தபிரான். நடைப்பயிற்சி முடித்துவிட்டு வருகிறாராம். வியர்வையில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய் பழையது. மாலையில் இசக்கியப்பன்.

ஆகஸ்ட் 23, சனி

நான்கு வாரத் தரவு. திங்கள், வெள்ளி: இசக்கியப்பன். செவ்வாய், சனி: மீரான். புதன்: ஜெபநேசன். வியாழன்: கூத்தபிரான். ஒருநாள்கூட இருவர் சேர்ந்து வந்ததில்லை. ஒருநாள்கூட யாரும் வராதிருந்ததில்லை. நால்வர் தத்தம் விருப்பப்படி வந்துபோயிருந்தால் இந்த ஒழுங்கு தற்செயலாய் அமைவதற்கான வாய்ப்பு பல கோடியில் ஒன்று.

எனவே இது திட்டமிட்டது. யோசித்தேன். முடிவு ஒன்றே: நால்வரும் கூடி, முறைவைத்து என் ஆட்டத்தைப் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தாம் கண்டதை மற்றவரிடம் சொல்கிறார்கள். என்றாவது ஒருநாள் நால்வரும் ஒன்றாய் வந்து அமர்வார்கள்.

ஒரு மனிதனை வெல்ல நான்கு பேர் இவ்வளவு பாடுபடுவது, அவனுக்கு ஒருவகையில் மரியாதை. கல்லூரியில்கூட எனக்கு எதிராக மூவர்தான் இருந்தார்கள்.

வீட்டு வாசலில் செருப்புகள் பெருகிவிட்டன. எட்டு பத்துக்கு நான் நுழையும்போது கடைசியாய்ப் போகிற ஒன்றிரண்டு பெண்கள் என்னைக் கண்டதும் ஓடுகிறார்கள். பன்னிரண்டு பேர் வருகிறார்களாம். என் மேசை ஐந்திலிருந்து இரண்டாய்ச் சுருங்கிய அதே காலத்தில் அவளுடையது மூன்றிலிருந்து பன்னிரண்டாய் வளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகக் கருத முகாந்திரமில்லை.

செப்டம்பர் 3, புதன்

ஜெபநேசனின் கைப்பேசி ஆறே முக்காலிலிருந்து ஏழுக்குள் நான்கு முறை அதிர்ந்தது. நான்காம் முறை எடுத்து, வாயைப் பொத்தி, “நான் இல்லாமப் பாடுங்க. கீழ்க்குரலுக்கு டேனியல வச்சுக்கிடுங்க” என்றார். யாரென்று கேட்டேன். “ஒண்ணுமில்ல சார், எங்க சர்ச்சுல ஸ்தோத்திரப் பண்டிகை வருது, பாட்டுக்குழு பாடணும். ஒத்திகை” என்றார்.

போகலாமே என்றேன்.

“இருக்கட்டும் சார். போடுங்க” என்றார்.

ஐந்து வாரமாகியும் ஒரிஜினல் இல்லாமல் டிக் அடிக்கிறார். இன்று மட்டும் மூன்று முறை. தப்பான டிக் ஒவ்வொன்றுக்கும் தண்டம் எண்பது. ஒவ்வொன்றையும் விளக்கினேன். கேட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 11, வியாழன்

கூத்தபிரான் ஐந்து நிமிடம் தாமதம். வருகைப் பதிவேட்டில் பழைய கையெழுத்துகளைச் சரிபார்க்கும் எண்ணத்தில் பின்பக்கமாகத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் ஜெபநேசனின் கையெழுத்தில் ஓர் அட்டவணை. உள்ளது உள்ளபடி:

புரொபசர் மேசை
திங்கள் – இசக்கி அண்ணாச்சி
செவ்வாய் – டாக்டர்
புதன் – யாருக்கும் முடியாது. நானே. (ஒத்திகை 6.45. இந்த வருசம் போகட்டும்)
வியாழன் – தாசில்தார்
வெள்ளி – இசக்கி அண்ணாச்சி
சனி – டாக்டர்
8 மணிக்கு முன்னாடி விடக் கூடாது. செண்பகம் மேடம் போன்ல கேட்டது. பிள்ளைகளுக்குக் காலாண்டு முடியிற வரைக்கும்.

கடைசி வரியின் கீழ் அடிக்கோடு இருந்தது. ‘முடியிற வரைக்கும்’ என்பதை அடித்துவிட்டு, ‘அப்புறமும்’ என்று வேறு மையில் எழுதியிருந்தது.

கூத்தபிரான் வந்தார். ஆடினோம். எட்டடித்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

காலை உணவின்போது செண்பகத்திடம் கேட்டேன். மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன்; மறுப்பை உடைப்பதற்கு ஆறு கேள்விகள் வைத்திருந்தேன்.

அவள் தோசையைத் திருப்பிப்போட்டாள். “ஆமா, நாந்தான் கேட்டேன்” என்றாள்.

ஆறு கேள்வியும் வீணாயின. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

“மார்ச்சுல நாலு பிள்ளைய டியூசன விட்டு நின்னுட்டாவ. ஜூலையில நீங்க வந்து நின்ன அன்னிக்கு பேச்சியம்மா அழுதா. அவ இனிமே வரலன்னு அவுங்க அம்மா போன் போட்டாங்க. வீடுவீடாப் போயி கூட்டிட்டு வந்தேன்.” அடுப்பைக் குறைத்தாள். “வேலைய விட்டுட்டு நீங்க வந்தீய. ஏன்னு நான் கேட்டனா? ரெண்டு வருசமா இந்த வீட்டுல உப்பு டப்பா இருக்க இடத்தக்கூட நீங்கதான் சொல்லுதீய. எனக்கு ரெண்டு மணி நேரம் வேணும். அந்த நேரத்துல உங்களுக்கும் ஒரு இடம் வேணும்லா? ஜெபநேசன் சார்கிட்ட கேட்டேன். ஜும்பா கெடக்கட்டும்மா, நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னாரு. நல்ல மனுசன்.”

மேற்கண்ட வாதத்தில் தருக்கப் பிழை ஏதுமில்லை. தேடினேன்.

மாலையில் இசக்கியப்பன் வந்தார். அவர் ஆடித் தோற்ற கையில் ஐந்து பிழைகள் இருந்தன. எனக்குத் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு தாமாகவே கடைக்குப் போய் எனக்கும் ஒரு காப்பி வாங்கிவந்தார். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

செப்டம்பர் 13, சனி

ஜூலைத் தரவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நால்வர் மேசையில் ஸ்கூட் ஏன் அறுபத்து மூன்றாய் ஏறிற்று என்பதற்கு அச்சம் என்று காரணம் எழுதியிருந்தேன். காரணத்தை அடித்துவிட்டேன். எண்கள் சரியானவை. அவற்றை விட்டுவைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 17, புதன்

ஆறு அடித்து ஐந்து நிமிடத்தில் ஜெபநேசன் வந்து அமர்ந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது. கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். கையெழுத்திட்டோம்.

முதல் கை. சீட்டை விரித்துப் பார்த்தேன். கவிழ்த்து வைத்தேன். “ஸ்கூட்” என்றேன்.

அவர் பலகையில் எனக்கு இருபது எழுதினார். விதி 7(அ)-வை மதித்து, நான் திறப்பேன் என்று காத்திருந்தார். அந்த விதி இன்று நடப்பில் இல்லை என்று சொன்னேன். சீட்டுகளைக் கட்டுக்குள் செருகினேன்.

இரண்டாம் கை. ஸ்கூட். மூன்றாம் கை. ஸ்கூட்.

நான்காவதில் அவர் தம் சீட்டுகளைக் கீழே வைத்தார். “என்ன சார், உடம்புக்கு முடியலையா?” என்றார்.

கை சரியில்லை என்றேன்.

“நாலும் சரியில்லையா?”

“கலைச்சுப் போடுங்க” என்றேன்.

போட்டார். இருவர் மேசையில் பத்துக் கைக்கு ஒன்றுக்குமேல் ஸ்கூட் செய்யலாகாது என்று எழுதியவன், தொடர்ந்து செய்துகொண்டிருந்தேன். ஏழாவது கையில் எனக்கு வந்த சீட்டுகள் எவை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அத்தகைய கையை வைப்பவன் மூடன், இல்லையேல் அவன் வீட்டில் தீ என்று ஜூலை 18இல் எழுதியிருக்கிறேன். என் வீட்டில் தீயில்லை. அந்த வாக்கியத்தில் வாய்ப்புகள் முழுமையாகப் பட்டியலிடப்படவில்லை.

பத்தாவதில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சீட்டை விரித்துப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டார். போட்டார், நான் வைத்தேன், எழுதினார். பன்னிரண்டாவதில் இருநூற்று நாற்பது. பதின்மூன்றாவதில் இருநூற்று அறுபது. நான் வெளியே. ஆட்டம் முடிந்தது. மணி ஆறு இருபத்தெட்டு.

“நீங்க ஜெயிச்சுட்டீங்க. கிளம்புங்க. ஆறே முக்காலுக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருக்கு” என்றேன்.

அவர் எழவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சார், அந்தப் பதிவேட்டுல பின்னால...” என்று தொடங்கினார்.

“உங்கள் கீழ்க்குரலுக்கு டேனியல் போதாது என்று நினைக்கிறேன்” என்றேன். டேனியல் பாடி நான் கேட்டதில்லை. ஆதாரமில்லாமல் நான் சொன்ன வாக்கியங்களுள் இது ஒன்று.

எழுந்தார். கதவருகே நின்றார். “நீங்க எங்க போவீய?” என்றார்.

“எட்டுவரை இங்கேதான்.”

“ஒத்தையிலயா?”

“கையெழுத்து இரண்டு இருக்கிறது. விதி பதினான்குக்கு அது போதும். நான் எழுதிய விதி.”

அவர் போனதும் சீட்டைக் கலைத்தேன். ஐந்து பேருக்குப் போட்டேன். எதையும் திறந்து பார்க்கவில்லை. திரும்ப எடுத்துக் கட்டினேன். மேசைக்கால் அடியில் இருந்த நான்கு பக்கத்தை எடுக்கலாமா என்று குனிந்தேன். எடுத்தால் மேசை ஆடும். விட்டுவிட்டேன்.

எட்டடித்துப் பூட்டிவிட்டு நடந்தேன். நாளை அந்தப் பெண்களுக்குக் கணிதத் தேர்வு. எட்டு பத்துக்கு வாசலை அடைந்தபோது படிக்கட்டில் பன்னிரண்டு ஜோடி செருப்பும் அப்படியே இருந்தன. உள்ளே செண்பகத்தின் குரல். ஒரு பகடையைப் பற்றி ஏதோ சொன்னாள். சிரித்தார்கள்.

தெருமுனைவரை போய்த் திரும்பினேன். பன்னிரண்டு.

மறுபடி போனேன். மருந்துக்கடைப் பலகையிலுள்ள எல்லாவற்றையும் படித்தேன், இரண்டு பிழை. திரும்பியபோது ஒன்பது.

மீண்டும் தெருமுனைக்குப் போனேன்.